மெல்லிசுக் கம்பி சுத்தமா கேக்கலம்மா

கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து அதன் டோனை மாற்றித் தருவது என் தொழில். அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கை, வாயால் விவரிக்கத் தெரியாத ஆளுக்கு, அவர் மனசுக்குள் மட்டும் இருக்கிற அளவில் செய்து கொடுப்பது.

தையல் கடைக்காரர்கள், முடி திருத்துபவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் என்று, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு குறையுது' என்ற வாக்கியத்தால் அடிபட்ட எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் சேவியர் அண்ணன் வருவார். அவர் தன் கிட்டாரை விற்றுவிட்டு வாசிப்பதையே நிறுத்திவிடுவாரோ என்று நானும் என் கூட வேலை செய்யும் ரவியும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கவலைப்பட்டோம். முதலில் கடையைக் காட்டிவிடுகிறேன்.

பல்பு

சேலையூர் கேம்ப் ரோட்டில் என் கணவருக்குப் பெயிண்ட் கடை. உள்ளே நுழைந்து வாளிகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தால் மாடிப்படி வரும். மேலே என் பட்டறை. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ரவி மரவேலைக்காரன், ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டி செய்வான், துணி ஒட்டுவான், கிட்டாரும் வாசிப்பான். எனக்கு வாசிக்க வராது, கேட்க மட்டும்தான் வரும். எங்களிடம் வருவதெல்லாம் ட்யூப் ஆம்ப். பழைய வால்வு ரேடியோவில் இருந்ததே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழல்கள் உள்ளே இருக்கும். சுவிட்சைப் போட்டால் குழலுக்குள் ஓர் ஆரஞ்சுப் பொட்டு மெல்லக் கண் விழிக்கும். மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதையே பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து கேட்டால் 'டெஸ்டிங்' என்று சொல்லிவிடுவேன்.

புதிதாக வருகிறவர்கள் மாடி ஏறி என்னைப் பார்த்ததும், அறையைச் சுற்றி ஒருமுறை தேடிவிட்டு, 'சார் இல்லீங்களா?' என்பார்கள். சார் என்று இங்கே யாரும் இல்லை, நான்தான் என்றால் நம்ப மாட்டார்கள். ஒருவர் நம்பாமல் திரும்பக் கீழே இறங்கிப்போய் எங்கள் வீட்டுக்காரரிடமே விசாரித்தார். அவர் சந்தன நிறம் கலக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னார்: "நம்மகிட்ட பெயிண்ட்தாங்க. பல்பு வேணும்னா மேல போங்க, அவங்க நல்லாக் குடுப்பாங்க."

மழைக்கு முன்னாடி

டோனுக்கு அளவு நாடா கிடையாது. அதனால் ஆளுக்கொரு பாஷையில் கேட்பார்கள். ஒருவருக்குப் பால்கோவா மாதிரி வேண்டும், இன்னொருவருக்கு மண்பானைத் தண்ணீர் மாதிரி. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கார்த்திக் என்ற பையன், "அக்கா, மழை வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எல்லாமே சைலண்ட் ஆகும்ல, அந்த ஃபீல் வேணும்" என்றான். எனக்கு அது புரிந்துவிட்டது என்பதுதான் இந்தத் தொழிலில் இருக்கிற ஆபத்து. ஒரு சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து, ரோட்டில் ஹாரன் சத்தம்கூட அடங்கின மாதிரி இருந்தபோது, சோல்டரிங் அயர்னை எடுத்து ஒரே ஒரு கெபாசிட்டரை மாற்றினேன். சுண்டைக்காய் அளவு சாமான்தான். அது சத்தத்தில் எதைப் போகவிடுவது, எதை நிறுத்துவது என்று வாசலில் நின்று பார்த்துக்கொள்ளும்.

எத்தனை பாஷை இருந்தாலும் எங்கள் அகராதியில் தலையாய சொல் 'சுத்தம்'. கம்பியை மீட்டினால் கரகரப்பு, இரைச்சல் எதுவும் ஒட்டாமல் கம்பியின் குரல் மட்டும் வந்தால் அது சுத்தமான டோன். அடுத்து வரப்போகிற தலைவலிக்கெல்லாம் இந்த ஒரு சொல்தான் காரணம். கார்த்திக் வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். வாசித்து முடித்தும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. "சூப்பர்க்கா," என்றான். "ஆனா இது மழை பேஞ்சு முடிஞ்சப்புறம் மாதிரில்ல இருக்கு!"

கையா, பெட்டியா

சேவியர் அண்ணன் அஸ்தினாபுரத்திலிருந்து வந்தார். மறைமலைநகர் பக்கம் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் மெஷின்களுக்கு நடுவே நெடுங்காலம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை நாட்களில் கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பது அப்போதிலிருந்தே உண்டு. கீபோர்டுக்கு அருள், டிரம்ஸுக்கு இன்னொருவர், கிட்டாருக்கு இவர். ஆம்பை ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். சத்தமாகப் பேசினார். மேடை ஏறிப் பழகினவர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் பேசும்போதோ என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளை மெக்கானிக் சொல்வதை இவ்வளவு மரியாதையாகக் கவனிக்கிற முதல் ஆள் என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

"தடிச்ச கம்பி நல்லா வருது. மெல்லிசுக் கம்பிதான் சுத்தமா கேக்கலம்மா," என்றார். கிட்டாரில் மேலேயிருந்து கீழே வர வரக் கம்பி மெலிந்துகொண்டே போகும். பாட்டில் அழுகிற இடம், கெஞ்சுகிற இடம் எல்லாம் அந்தக் கடைசி இரண்டு கம்பிகளில்தான் இருக்கிறது. கொஞ்ச காலமாகவே இப்படி, போகப் போக மோசமாகிறது, எவ்வளவு அழுத்தி வாசித்தாலும் வரமாட்டேன் என்கிறது என்றார். எத்தனையோ பேர் எங்களிடம் டோனைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள். பயத்தோடு வந்தவர் இவர் ஒருவர்தான். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, இடது கை விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே சொன்னார்: "பெட்டியில ஃபால்ட்டுன்னா நீ சரி பண்ணிடுவ. பெட்டி நல்லாருக்குன்னா ஃபால்ட்டு என் கையில. வயசாயிடுச்சுன்னு அர்த்தம். கிட்டார வித்துட்டு வீட்டுல டிவி பாத்துக்கிட்டு உக்காந்துடறேன்."

பாம்புக் காது

பெட்டியைத் திறந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, உள்ளே எல்லாமே ஜம்மென்று இருந்தது. ஆனால் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் ஒரு மனிதர் கிட்டாரை விற்றுவிடுவார். அதனால் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்று தேடினேன். சாக்கெட்டுகளைத் துடைத்தேன். பழைய கெபாசிட்டர்களைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டுப் புதிது போட்டேன். ரவி மெல்லிசுக் கம்பியை மீட்டினான். அது கிளம்பி, கண்ணாடிக் குழல் வெளிச்சத்தைச் சுற்றிவிட்டு, ஜன்னல் வழியாகக் கேம்ப் ரோட்டுக்கு மேலே போய்க் கரைந்தது. "தண்ணி மாரி கீதுக்கா," என்றான்.

சேவியர் அண்ணன் வந்தார், வாசித்தார், குனிந்து கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் சுத்தமா கேக்கலம்மா." அவர் போனதும் நாங்கள் இருவரும் திரும்பத் திரும்ப அந்தக் கம்பியை மீட்டிப் பார்த்தோம். எங்கள் காதுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. அப்படியென்றால் அவர் காதுக்கு மட்டும் ஏதோ அகப்படுகிறது. இப்படிப்பட்ட பாம்புக் காதுக்காரர்கள் லட்சத்தில் ஒருவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் நம் படியேறி வந்திருக்கிறாரே என்று எனக்குச் சிலிர்த்தது. ரவிக்கு அதைவிட. "நம்ம காதுக்கே வராத அழுக்கு அவருக்குக் கேக்குதுக்கா," என்றான். "இன்னா காதுக்கா அது!"

எலுமிச்சம்பழம்

பிறகு நான் செய்ததையெல்லாம் நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது தவம் மாதிரி இருந்தது. என்னிடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய ட்யூப் ஒன்று உண்டு. அதை எடுத்து அவர் ஆம்பில் செருகினேன். கீச்சுக் குரலை மட்டும் முன்னே தள்ளிவிடுகிற சின்னக் கெபாசிட்டர் ஒன்றை வால்யூம் திருகுக்குக் குறுக்கே பற்றவைத்தேன். ஸ்பீக்கரையும் மாற்றினேன். வீட்டில் சோறு வடிக்கும்போதும் அந்தக் கம்பி காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒட்டியிருக்கிற, எனக்குக் கேட்காத அந்த அழுக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து, அடுப்பைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். எங்கள் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைப்பார்.

ஆம்பின் சத்தம் ஒவ்வொரு தடவையும் கூர்மையாகிக்கொண்டே போனது. பல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது என்று ரவி கையெடுத்துக் கும்பிட்டான். கீழே பெயிண்ட் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சேவியர் அண்ணன் மட்டும் அதே பதில்தான் சொன்னார். கடைசியாக வந்தபோது வாசிக்கக்கூட இல்லை. கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, மடியில் வைத்து, தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாவம், என்னைத் தேற்றுகிற மாதிரி பேசினார்: "நீ விட்டுடும்மா. பெட்டி சரியாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கிட்டாரப் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காரு."

எப்ப ஆரம்பிப்பான்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைசியாக ஒருமுறை என்று கெஞ்சி வரச்சொன்னேன். அவரோடு மனைவி லில்லி அக்காவும் வந்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். கீழேயே நின்று நிற அட்டை பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேலே, இன்றைக்கு நீங்கள் வாசிக்க வேண்டாம், ரவி வாசிக்கட்டும், தள்ளி நின்று கேளுங்கள் என்று சேவியர் அண்ணனிடம் கையைக் காட்டிச் சொன்னேன். அவர் ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

ரவி மெதுவாகத்தான் ஆரம்பித்தான், மெல்லிசுக் கம்பியில் மட்டும். நல்ல மனநிலையில் இருந்தான் போலிருக்கிறது. எந்தப் பாட்டும் இல்லை, விரல் போன போக்கு. வெயில் தணிந்த நேரம். தரையில் விழுந்திருந்த வெளிச்சம் நகர்வது தெரிந்தது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. கீழே பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் ரவி மரியாதைக்குக் கையை எடுத்தான். கம்பி அடங்கியது. அப்போது சேவியர் அண்ணன் திரும்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவியாக என்னைக் கேட்டார்: "எப்பம்மா ஆரம்பிப்பான் இந்தத் தம்பி?"

இரண்டாவது அர்த்தம்

ரவி என்னைப் பார்த்தான். நான் ரவியைப் பார்த்தேன். வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் முதல் நாளே புரிந்திருக்கும். 'எனக்கு சுத்தமா புரியல', 'கையில காசு சுத்தமா இல்ல' என்று தினமும் பேசுகிற ஊர்தானே இது? சுத்தமாக என்றால் அடியோடு என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் சொன்னது அதைத்தான். மெல்லிசுக் கம்பி எனக்கு அடியோடு கேட்கவில்லை என்று ஒரு மனிதர் வந்து வந்து முறையிட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் 'சரிண்ணா, இன்னும் சுத்தம் பண்றேன்' என்று தலையாட்டி அனுப்பியிருக்கிறேன். பாம்புக் காது வேறு! அந்த நிமிஷத்தில் பெயிண்ட் வாளிக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அவரை ரவியிடம் விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். வீட்டில் அண்ணனுக்குக் காது எப்படி என்று லில்லி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கையிலிருந்த நிற அட்டையை மடக்கினார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. முதலில் கோபம், பிறகு யோசனை, பிறகு கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தோடேயே சொன்னார்: "நான் கூப்பிட்டா திரும்பமாட்டாரு, சொன்னா பதில் வராது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே அப்படித்தானேம்மா இருக்காரு, நான் எத வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

பச்சைக் கோடு

எப்படிச் சொல்வது? கை போய்விட்டதோ என்று பயந்துகொண்டிருக்கிற ஆளிடம், கை இல்லை, காது என்று எந்த வாயால் சொல்ல? வாசிக்கிறவருக்குக் கை போனால் ஒரு துக்கம், காது போனால் எல்லாமே போயிற்று என்றல்லவா நினைப்பார்? ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய ஸ்கோப் ஒன்று மூலையில் இருந்தது. சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற மெஷின். அதை ஆம்போடு இணைத்து, சேவியர் அண்ணனை அதன் முன்னால் உட்காரவைத்து, கிட்டாரைக் கையில் கொடுத்தேன். ரவி போய் ஜன்னலைச் சாத்தினான். இருட்டில் பச்சைக் கோடு ஒன்று நீட்டிப் படுத்திருந்தது.

தடித்த கம்பியை மீட்டினார். கோடு பெரிய பெரிய அலையாக எழுந்தது. தலையசைத்தார். பிறகு மெல்லிசுக் கம்பி. குளத்துத் தண்ணீர் மேல் காற்று பட்டாற்போல் கோடு முழுக்கச் சிலிர்த்தது. அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மறுபடி மீட்டினார், கோடு மறுபடி சிலிர்த்தது. உள்ளங்கையால் கம்பியை அமுக்கினார், கோடு படுத்துக்கொண்டது. கையை எடுத்து விரலால் கம்பியை மெல்ல இழுத்து அழவிட்டார், கோடும் கூடவே இழுபட்டு நடுங்கியது. லில்லி அக்கா அவர் தோளில் கை வைத்திருந்தார்.

ரொம்ப நேரம் அப்படி வாசித்துக்கொண்டே கோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு கையை எடுத்துத் தன் காதைத் தொட்டுக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் இடது கையை அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு முன்னால் நீட்டி, விரல் விரலாகப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கும்மா!" என்றார்.

யார் பார்த்த வேலை?

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளை லில்லி அக்காவே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். மெஷின் இரைச்சலில் நின்று நின்று கீச்சுச் சத்தங்கள் கேட்கிற பகுதி தேய்ந்துவிட்டது, அது திரும்ப வளராது, ஆனால் கருவி வைத்தால் கேட்கும் என்றாராம். இரண்டு காதுக்குப் பின்னாலும் முந்திரிப்பருப்பு அளவில் கருவி மாட்டிக்கொண்டு சேவியர் அண்ணன் படியேறி வந்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு வெட்கம் இருக்காது. ஆம்பைப் போட்டேன். ரவி அவருக்கு நாற்காலி நகர்த்தினான். லில்லி அக்கா கையைக் கோத்துக்கொண்டு நின்றார். மெல்லிசுக் கம்பியை ஆசையாக, பலமாக, ஒரே ஒரு தடவை மீட்டினார்.

மீட்டியவர் நாற்காலியோடு பின்னால் போனார். நான் செய்த மராமத்து அத்தனையும் சேர்ந்து, புத்தம் புதுக் காதில் ஊசியாக இறங்கியிருக்கிறது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, என்னையே நியாயம் கேட்டார்: "ஐயையோ! என் பெட்டிய யாரும்மா இப்படிக் கெடுத்து வெச்சது?"

அணில்

எடுத்துவைத்திருந்த பழைய சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினேன். இதுவரை நான் செய்த வேலைகளிலேயே மனசுக்கு இதமான வேலை அதுதான். சோல்டரிங் புகை சுருண்டு சுருண்டு மேலே போக, அவர் பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் கறக் கறக் என்பது, கீழே பெயிண்ட் டின் குலுக்குகிற மெஷின், என் வளையல். வெளியே மரத்தில் ஏதோ கிறீச்சிட்டது. "அது என்னம்மா?" என்றார். அணில் என்றேன். "அணிலா! அதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் குனிந்து வேலையைப் பார்த்தேன்.

பெட்டியை மூடி, பழையபடி ஆன ஆம்பை அவரிடம் விட்டேன். மெல்லிசுக் கம்பி கேட்டது. அவருக்கே கேட்டது. கொஞ்சம் வாசித்தார், நிறுத்தினார், யோசித்தார். ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றினார். ஏதோ சரியில்லை என்று நான் மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முந்திரிப்பருப்பை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டி, ரகசியம் மாதிரி கேட்டார்: "பேச்செல்லாம் நல்லாத்தாம்மா கேக்குது, கிட்டார்தான் கொஞ்சம் தகரம் மாரி இருக்கு. இதுக்குள்ள சின்னதா ஒரு ட்யூப் வெச்சித் தருவியா?"

அருளுக்கு வந்த சங்கடம்

ஆம்ப் அஸ்தினாபுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், அவர்களோடு கீபோர்டு வாசிக்கும் அருள் வந்தார். கீபோர்டில் ஒயர் செருகுகிற இடம் லூசாகிவிட்டதாம். அதைச் சரிசெய்துகொண்டே, சேவியர் அண்ணன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சுத்தம் என்ற சொல்லில் நான் வழுக்கி விழுந்த இடத்தில் அருள் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் கீபோர்டின் மேல் கட்டைகளைச் சத்தம் வராமல் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்க்கா," என்றார். "எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் ரொம்ப நாளாவே தெரியும். சொன்னா வாசிக்கறத விட்டுடுவாருன்னு சொல்லல."

மேடையில் மெல்லிசுக் கம்பியை இழுத்து வாசிக்கிற இடங்களில் சேவியர் அண்ணன் சுருதி தப்பிப் போவாராம். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று, அந்த இடம் வந்தாலே அருள் அதே வரியைக் கீபோர்டில் கூடவே வாசித்து மூடிவிடுவாராம். எத்தனையோ கல்யாணங்கள், எத்தனையோ ரிசப்ஷன்கள். அந்த இடங்களில் தனக்கென்று இருந்த பகுதியை அருள் வாசித்ததே இல்லை. சோல்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அருள் சிரித்த முகமாகத்தான் இருந்தார், ஆனால் ஏதோ தொலைத்தவர் மாதிரியும் இருந்தார். "நேத்து ரிகர்சல்ல அந்த இடம் வந்துச்சுக்கா. அண்ணன் அவரே வாசிச்சாரு, பிசிறே இல்லாம. நான் கைய எடுத்துட்டேன்," என்றார். "சந்தோஷம்தான். ஆனா இனிமே அந்த எடத்துல நான் என்னக்கா வாசிக்கிறது?"

ஆக, ஒரு ஆம்ப்ளிஃபயரை அடியோடு பிரித்து, என்னென்னவோ செய்து, கடைசியில் இருந்தது இருந்தபடியே திரும்ப மாட்டிக் கொடுத்து, 'கைராசிக்காரி' என்று பேர் வாங்கிய ஒரே மெக்கானிக் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.